பீரோவில் கிடந்த பழைய ஹேர் டை: அடிக்கலாமா, தூக்கிப் போடலாமா?

போன வருடம் சித்திரையில் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு மும்பையிலிருந்து வந்த என் சித்தி, பெட்டியை இறக்கி வைத்த கையோடு பீரோவைக் குடைந்து ஒரு டை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று கொடைக்கு முன்னால் வாங்கி வைத்துவிட்டுப் போனது. “ஏட்டி, இதுல தேதி முடிஞ்சு எட்டு மாசம் ஆயிட்டு. அடிச்சாப் பிடிக்குமா, பிடிக்காதா? நீதான பார்லர் வச்சிருக்க, சொல்லு.”

பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையில் பார்லர் வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. கொடை, ஆனித் தேரோட்டம், கல்யாண முகூர்த்தம் என்று வந்துவிட்டால் வாரத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். சித்திக்குச் சொன்னதையே, முதல் தடவை வீட்டில் டை அடிக்கப் போகிறவர்களுக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேதி முடிந்த மறுநாள் டை விஷமாகிவிடாது. ஆனால் எப்படிப் பிடிக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பாதி நரை பிடித்துப் பாதி நரை அப்படியே நிற்கலாம். நாலு குளியலில் வெளுக்கலாம். கறுப்பு கேட்ட இடத்தில் செம்பட்டை வரலாம். குழம்பு கெட்டால் மூக்குக்குத் தெரிந்துவிடும். டை கெட்டதைத் தலையை அலசித் துவட்டிய பிறகு கண்ணாடிதான் சொல்லும். அதனால் தலைக்குப் போகும் முன்னால் நாம் அதைச் சோதித்துவிட வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கொடைக்குக் கால்நாட்டுகிற அன்றைக்கே ஆரம்பித்தால் அவசரமில்லாமல் முடியும்.

கையில் இருப்பது எந்த டை?

எல்லா டையும் ஒரே மாதிரி கெடுவதில்லை. அதனால் முதல் வேலை இது.

நம் கடைகளில் சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட் பவுடரை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் குழைத்து அடிப்பது. அதற்குள் பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாரா ஃபினிலின் டையமின் என்ற சாயப்பொருள் இருக்கும்; கூடவே தண்ணீர் பட்டதும் வேலையைத் தொடங்குகிற பெராக்சைடு வகை உப்பு ஒன்று இருக்கும். இரண்டும் ஒரே பாக்கெட்டில் சண்டை போடாமல் இருப்பது ஈரம் இல்லாத வரைதான். பாக்கெட்டில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும், ஐப்பசி மழையின் ஈரமும் தென்காசிப் பக்கத்துச் சாரல் காற்றும் உள்ளே போய் வேலையை ஆரம்பித்துவிடும். பிரித்துப் பாதி எடுத்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்த பாக்கெட் என்றால் தேதியைப் பார்க்கவே வேண்டாம், குப்பைதான். பிரிக்காத பாக்கெட்டைக் கையில் வைத்துக் குலுக்கிப் பாருங்கள். மாவு மாதிரி உள்ளே ஓட வேண்டும். கட்டி தட்டுப்பட்டால் அதுவும் போச்சு.

அடுத்தது இரண்டு பகுதியாக வருகிற க்ரீம் டை. ஒரு டியூபில் சாயம், ஒரு பாட்டிலில் டெவலப்பர். டியூபுக்குள் சாயம் இன்னும் சாயமாக இருப்பதில்லை; நிறமில்லாத சின்னச் சின்ன மூலப்பொருளாக இருக்கும், பெரும்பாலும் அதே பி.பி.டி. வகைதான். அதோடு அம்மோனியாவோ அது மாதிரியான காரமோ இருக்கும். காரம் முடியின் மேல்செதிலைத் திறந்துவிடும், டெவலப்பரில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு மூலப்பொருளை முடிக்குள்ளேயே நிறமாக்கும். உள்ளே பெரிதாகிப்போன சாயம் திரும்ப வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஷாம்புக்கு அசையாது.

இந்த இரண்டில் முதலில் சீக்காளியாவது பெரும்பாலும் டெவலப்பர். ஹைட்ரஜன் பெராக்சைடு தன்னாலேயே தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துகொண்டே இருக்கிற பொருள். சூடும் வெளிச்சமும் அதை வேகப்படுத்தும். இரும்பு, செம்பு மாதிரி உலோகம் கொஞ்சம் கலந்தாலும் போதும். 6 சதவீதம் என்று அச்சிட்ட பாட்டில் வெயிலில் கிடந்தால் உள்ளே அந்த அளவு இருக்காது. அப்படி வலுக்குறைந்த டெவலப்பரால் சாயம் முழுசாக முற்றாது. நரை, டீ டிகாஷன் நிறத்தில் நின்றுவிடும். மாறாக டெவலப்பர் நன்றாக இருந்து டியூப் கெட்டிருந்தால் வேறு கூத்து. பெராக்சைடு உங்கள் சொந்தக் கறுப்பைக் கொஞ்சம் வெளுக்கும், அந்த இடத்தை நிரப்பச் சாயம் இருக்காது. செம்பட்டை அப்படி வருவதுதான்.

ஒரே பாட்டிலில் வருகிற கறுப்புத் திரவ டையும் உண்டு. அதில் சில வகைகளுக்குக் காற்றே டெவலப்பர். மூடியைத் திறந்த நாளிலிருந்து அதற்கு வயசாக ஆரம்பிக்கும். டெவலப்பர் வேண்டாத, சில வாரத்தில் போய்விடுகிற கலர் க்ரீம்கள் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவற்றில் பூசணமும் துர்நாற்றமும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மருதாணியும் அவுரியும்

“நான் கெமிக்கலே போடுறது இல்ல, மருதாணிதான்” என்கிறவர்களுக்கும் தேதிக் கதை உண்டு. மருதாணி இலையில் நிறம் தருவது லாசோன் என்ற பொருள். பொடியாக்கி வெளிச்சத்திலும் காற்றிலும் வைத்தால் அது குறைந்துகொண்டே வரும். நல்ல பொடி பச்சையாக, வைக்கோல் போர் வாசத்தோடு இருக்கும். பழசு காக்கி நிறத்துக்கும் பழுப்புக்கும் போய்விடும். சோதிப்பது சுலபம்: அரை ஸ்பூன் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, உள்ளங்கையில் ஒரு பொட்டு வையுங்கள். கால் மணி நேரம் கழித்துத் துடைத்தால் ஆரஞ்சுக் கறை தெரிய வேண்டும். தெரியவில்லையா, தலையில் மணிக்கணக்காக ஊறவைத்தும் பயனில்லை. கொல்லையில் மருதாணிச் செடி இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம், பறித்து அரைத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மருதாணி ஒருநாளும் கறுப்பு தராது. ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கிற பொடிகளில் பெரும்பாலும் அதே பி.பி.டி.தான் இருக்கும். பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இருந்தால் அதை டை பாக்கெட்டாகவே கணக்கில் வையுங்கள்.

மருதாணிக்கு மேல் அவுரி போட்டுத்தான் கறுப்புப் பக்கம் கொண்டுவர முடியும். இங்கே நம் ஊர்ச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நாட்டு மருந்துக்கடையில் ‘அவுரி’ என்று மட்டும் கேட்டால், அண்ணாச்சி நிலாவாரையைக் கட்டிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் அதையும் அவுரி என்றுதான் சொல்வார்கள். உலகச் சந்தையில் திருநெல்வேலிப் பெயரைச் சொல்லி விற்கிற சரக்கு அது. மலச்சிக்கலுக்கு மருந்து, முடியைக் கறுப்பாக்காது. சாயத்துக்கு வேண்டியது நீலி என்கிற நீல அவுரி. அதையும் நரை மேல் நேராகப் பூசினால் நீலமும் பச்சையுமாக ஒரு நிறம் வரும், முதலில் மருதாணி போட்டுத்தான் பிறகு இது. குழைத்த அவுரியை எடுத்து வைக்க முடியாது, கொஞ்ச நேரத்திலேயே வலு போய்விடும்.

தேதியைப் பார்ப்பது, வைத்திருந்த இடத்தைப் பார்ப்பது

தேதி பெட்டியில் மட்டும் இருக்காது. டியூபின் மடித்த வாலிலும் பாட்டிலின் அடியிலும் தேடுங்கள். பெட்டி புதுசாகவும் உள்ளே பாட்டில் பழசாகவும் வந்து நானே பார்த்திருக்கிறேன். ஒரு கடையில் தேதிக்கு மேலேயே விலைச் சீட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து உரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதிலிருந்து சீட்டு ஒட்டியிருந்தால் கடையிலேயே நகத்தால் கிளறிப் பார்த்துவிடுவேன். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தேதி முடிந்ததை விற்றுவிட்டு மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். பில் வாங்கி வைத்திருக்க வேண்டும், அது முக்கியம்.

பெட்டியில் திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னப் படமும் அதற்குள் 12 என்ற எண்ணும் இருந்தால், திறந்த பிறகு 12 மாதம் என்று அர்த்தம். அச்சிட்ட தேதி, திறக்காத பொருளுக்கு.

என்னைக் கேட்டால் தேதியைவிட வைத்திருந்த இடம்தான் பெரிய விஷயம். கம்பெனி தேதி போடுவது நிழலும் குளிர்ச்சியுமான அலமாரியை நினைத்து. நம் ஊரில் கத்திரி வெயிலுக்கு வெளியே 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையில், சுவரோடு ஒட்டிய இரும்பு பீரோவுக்குள் எப்படி இருக்கும் என்று கை வைத்துப் பாருங்கள். தேதி இன்னும் ஆறு மாதம் இருந்தும் அப்படிக் கிடந்த டெவலப்பர் போயிருக்கலாம். கல்லிடைக்குறிச்சியில் ஓட்டு வீட்டு உள்ளறைத் தட்டில், திறக்காமல், இருட்டில் இருந்த டை, தேதி தாண்டி இரண்டு மாதம் ஆனாலும் நன்றாகப் பிடித்ததையும் பார்த்திருக்கிறேன்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பார்லர் வைத்த புதிதில் டெவலப்பர் பாட்டிலை மேற்குப் பார்த்த ஜன்னல் தட்டில் வைத்திருந்தேன், கைக்கு எட்டுகிற இடம் என்று. சித்திரை போய் வைகாசியில், பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி மகள் நிச்சயதார்த்தத்துக்காக டை அடிக்க வந்தாள். தேதி முடிய ஏழெட்டு மாதம் இருந்தது. அடித்து, முக்கால் மணி நேரம் வைத்து, அலசிப் பார்த்தால் வகிட்டு ஓரமும் காதோரமும் நரை துருப்பிடித்த மாதிரி நிற்கிறது. அன்றைக்குக் கொண்டையும் பூவும் வைத்து ஒப்பேற்றினோம். இரண்டு வாரம் கழித்துக் காசு வாங்காமல் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

திறந்து பார்க்கும்போது

பாட்டில் உப்பியிருந்தால் முகத்துக்கு நேராகத் திறக்காதீர்கள். உள்ளே பிரிந்த ஆக்சிஜன் அழுத்தத்தோடு இருக்கும். அந்த டெவலப்பரைப் பயன்படுத்தவும் வேண்டாம்.

டியூபை அமுக்கினால் முதலில் வாயருகே கொஞ்சம் கறுத்து வருவது சாதாரணம், காற்றுப் பட்ட இடம் அது. ஒரு சென்டிமீட்டர் பிதுக்கித் தள்ளிய பிறகும் கறுப்பாகவே வந்தாலும், தண்ணீரும் க்ரீமும் தனித்தனியாக வந்தாலும், மணல் மாதிரி நெருடினாலும் அதை விட்டுவிடுங்கள். டியூபுக்குள்ளேயே சாயம் முற்றிவிட்டது, இனி முடிக்குள் நுழையாது. தலைத்தோலில் மட்டும் கறை பிடிக்கும். பாதி ஆக்சிஜனேற்றம் ஆன பி.பி.டி. தோல் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது என்பதும் ஒரு காரணம்.

டெவலப்பரில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க அடுப்படியிலேயே வழி இருக்கிறது. ஒரு கண்ணாடி கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் டெவலப்பர் விட்டு, அதில் புதிதாக வெட்டிய பச்சை உருளைக்கிழங்குத் துண்டைப் போடுங்கள். கிழங்கில் உள்ள நொதி பெராக்சைடைப் பிரிக்கும், நுரை பொங்கும். நுரையே வரவில்லை என்றால் டெவலப்பர் தண்ணீராகிவிட்டது. நுரை வந்தால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று அர்த்தம், எவ்வளவு என்று இந்தச் சோதனை சொல்லாது. அந்தக் கிழங்கை மறக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள், குழம்புக்குப் போய்விடப் போகிறது.

டியூப் நன்றாக இருந்து டெவலப்பர் மட்டும் போயிருந்தால், பார்லர் சாமான் விற்கிற கடையில் அதே வலுவில் தனி பாட்டில் வாங்கிக்கொள்ளலாம். வீட்டு டைக்குப் பெரும்பாலும் 6 சதவீதம், கடைக்காரர்கள் 20 வால்யூம் என்பார்கள். பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து அதையே கேளுங்கள். ‘பழைய டைதானே, கொஞ்சம் ஸ்ட்ராங்காக இருக்கட்டும்’ என்று 12 சதவீதம் வாங்கிவிடாதீர்கள். தலைத்தோல் பொத்துப்போகும், கெட்டுப்போன சாயமும் திரும்பி வராது.

தோலில் ஒரு சோதனை, முடியில் ஒரு சோதனை

இதுவரை தேறியதா, சரி. இனி கொஞ்சமாகக் கலக்க வேண்டும். பித்தளை, அலுமினியம், இரும்புக் கிண்ணம் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக், கண்ணாடி, பீங்கான் நல்லது. டியூபுக்கும் பாட்டிலுக்கும் என்ன விகிதம் போட்டிருக்கிறதோ அதே விகிதத்தில், மொத்தம் ஒரு ஸ்பூன் வருகிற அளவு போதும்.

காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கழுவித் துடைத்து, பெட்டிக்குள் இருக்கும் தாளில் சொன்னபடி ஒரு பொட்டு வையுங்கள். இந்த வகை டை பெட்டியில் முன்சோதனை செய்யச் சொல்லும் எச்சரிக்கை இருக்க வேண்டும், அது உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். அதே எச்சரிக்கையில் இன்னொன்றும் இருக்கும்: இமைக்கும் புருவத்துக்கும் அடித்தால் கண்பார்வையே போகலாம். மீசைக்கு அடித்துவிட்டு மிச்சத்தைப் புருவத்தில் தீற்றுகிற மாமாக்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

தாளில் 24 மணி நேரம் என்று இருந்தாலும் நான் இரண்டு முழு நாள் பார்க்கச் சொல்வேன். பி.பி.டி. ஒவ்வாமை பல பேருக்கு மறுநாள், அதற்கும் மறுநாள்தான் தலைகாட்டும். “பத்து வருசமா இதத்தான் அடிக்கேன், எனக்கு ஒண்ணும் செய்யாது” என்பது செல்லாத வாதம். பத்து வருடம் சும்மா இருந்த உடம்பு பதினோராவது வருடம் முறுக்கிக்கொள்ளும். புது டைக்கும் இந்தச் சோதனை வேண்டும். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினால் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பொட்டு வைத்த கையோடு முடிச் சோதனையையும் செய்துவிடுங்கள், கலந்ததை எடுத்து வைக்க முடியாது. பிடரியில் உள்பக்கமாக இருபது முப்பது நரை முடியை வெட்டி, ஒரு முனையை நூலால் கட்டுங்கள். சீப்பில் வந்த நரை இருந்தால் அதுவே போதும். மிச்சக் கலவையைப் பூசி, தாளில் சொன்ன நேரம் வைத்து, ஷாம்பு போட்டு அலசுங்கள். ஈரத்தில் முடி கூடுதல் கறுப்பாகத்தான் தெரியும், ஏமாறாதீர்கள். காய்ந்த பிறகு வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள். அப்புறம் இன்னும் இரண்டு தடவை ஷாம்பு போட்டுத் திரும்பப் பாருங்கள். நிறம் அப்படியே நின்றால் அந்த டை தலைக்குத் தகும். வெளுத்தால் தலையிலும் அதேதான்.

தலையில் அடிக்கும் நாள்

இதில் பழைய டைக்கென்று தனி வித்தை எதுவும் இல்லை. நெற்றியோரம், காது மடல், பிடரியில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளுங்கள், முடியில் படாமல். நரை அடர்ந்த இடத்தில் முதலில் அடியுங்கள். கலந்ததை உடனே பயன்படுத்த வேண்டும். பழைய டை மெதுவாகப் பிடிக்கும் என்று நினைத்து ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் விடாதீர்கள். சொன்ன நேரத்துக்கு மேல் நிறம் ஏறாது, எரிச்சல்தான் ஏறும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் உப்புப் போர்த் தண்ணீர் என்றால் கடைசி இரண்டு வாளிக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடித்த பிறகு அரிப்பு, எரிச்சல் வந்தால் நிறத்தைப் பார்க்காமல் உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். மறுநாள் இமை வீங்கினாலும், நெற்றியில் நீர்க்கொப்புளம் வந்தாலும் தோல் மருத்துவரிடம் போங்கள். மூச்சு முட்டினாலோ, உதடு நாக்கு வீங்கினாலோ காத்திருக்கவே கூடாது, 108-க்கு அடியுங்கள், இல்லை ஆட்டோ பிடித்து நேராக ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரி. போகும்போது டை பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவும். ஒரு தடவை இப்படி ஆனவர்கள் வேறு கம்பெனி மாற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது, பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே பி.பி.டி.

தேறாததை என்ன செய்வது

கலந்த டையை மூடி போட்டு எடுத்து வைக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம், கலந்து வெகுநேரம் ஆன கலவையால் பயனும் இல்லை. தேறாத டியூபையும் பவுடரையும் காகிதத்தில் நன்றாகச் சுற்றிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள். தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைப் படித்துறையில் டையை அலசிவிட்டு வருகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது, பி.பி.டி. மீனுக்கு ஆகாது, நாமும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பழைய திரவ டையைக் குளியலறை ஜன்னலில் விட்டு வைக்கவே கூடாது. வாய்க்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சையே அடைக்கும்; கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிதான்.

சித்தியின் டப்பாவா? டியூப் நன்றாகத்தான் இருந்தது. டெவலப்பரில் உருளைக்கிழங்கைப் போட்டோம், ஓரத்தில் நாலு குமிழி வந்ததோடு சரி. பிடரி முடியில் அடித்துப் பார்த்ததில் வெளிர் பழுப்பு. பாளை மார்க்கெட்டுக்குப் போய்ப் புதுசு வாங்கி, காதுக்குப் பின்னால் பொட்டு வைத்து, இரண்டு நாள் கழித்து அடித்தோம். பழைய பெட்டியைக் குப்பையில் போடும்போது சித்தி தடுத்து, அதிலிருந்த கையுறையையும் பிரஷையும் மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.